காற்றுக்கு ஒரு சாட்சி

நியாய ஸ்தலங்களில் கண்ணாற் கண்ட சாட்சிக்குள்ள மதிப்பு யூகத்துக்கு இல்லை. வக்கீல் எவ்வளவு சாமர்த்தியசாலியாயிருப்பினும், நடந்ததை நேரிற் கண்டவன் ஒருவன் கூண்டிலேறிக் குறுக்கு விசாரணைக்கும் அசையாமல் பதில் சொல்வானானால், வாதமெல்லாம் அவன் சொல்லுக்கு அடங்கியே தீரவேண்டும். இவ்விதி கோர்ட்டுக்கு மட்டும் உரியதன்று. இயற்கையின் நியாய ஸ்தலத்திலும் இதுவே விதி.

ஆனால் சில வழக்குகளில் சாட்சி கிடைப்பதே அரிதாயிருக்கிறது. காற்று கண்ணுக்குத் தெரியாத பொருள். அது மெல்ல வீசும்போது மரக்கிளையும் புழுதியும் அதன் போக்கைக் காட்டிக்கொடுக்கின்றன. அதுவே ஒலியையும் மிஞ்சிய வேகத்தில் ஓடும்போது காட்டிக்கொடுப்பார் எவருமில்லை. ராக்கெட்டின் வாயிலிருந்து பீறிடும் வாயு, ஆகாய விமானத்தின் யந்திரத்துக்குள் எரிந்துகொண்டே ஓடும் வாயு, விண்வெளியிலிருந்து பூமிக்குத் திரும்பும் கலத்தின் மேல் நெருப்பாய்க் கொதிக்கும் வாயு ஆகிய இவையெல்லாம் கண் இமைப்பதற்குள் வந்து, செய்வதைச் செய்துவிட்டுச் சென்று மறைகின்றன. இவற்றைப் பார்த்துச் சாட்சி சொல்வதற்காக மனிதன் படைத்துக்கொண்ட இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று லேஸர், மற்றொன்று அதிவேகக் காமிரா.

இவ்விரண்டைப் பற்றியும், இவ்விஷயத்தில் நமது தேசத்தின் நிலைமையைப் பற்றியும் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். “விஞ்ஞானம் கிடக்கட்டும், ராஜீய விஷயத்தைப் பேசுங்கள்” என்று சொல்லும் நண்பர்கள் சற்றுப் பொறுமையுடன் கேட்பார்களாக. இதுவும் ராஜீய விஷயமே என்பது முடிவில் விளங்கும்.

வேகத்தின் கணக்கு

முதலில் கணக்கைப் பார்ப்போம். சாதாரண உஷ்ணநிலையில் காற்றினூடே ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. ஒலியைவிட மெதுவாகச் செல்லும் பொருளுக்கு முன்னால் காற்று வழிவிட்டு விலகிக்கொள்கிறது. ஏனெனில் பொருள் வருகிற செய்தி ஒலியின் வேகத்தில் முந்திச் சென்று காற்றுக்கு எட்டிவிடுகிறது. பொருள் ஒலியை மிஞ்சிவிட்டாலோ செய்தி முந்திச் செல்ல இயலாது. முன்னறிவிப்பின்றி வந்து மோதும் பொருளின் எதிரே காற்று திடீரென்று நெருக்குண்டு, மயிரிழையினும் மெல்லிய சுவர்போல் நிற்கிறது. இதையே அதிர்ச்சி அலை என்கிறார்கள். அச்சுவரைக் கடக்கும் கணத்தில் வாயுவின் அழுத்தமும் சூடும் ஒரேயடியாக ஏறிவிடுகின்றன.

வினாடிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வாயுவை எடுத்துக்கொள்வோம். ராக்கெட்டுகளின் உலகில் இது பெரிய வேகமன்று. சினிமாக் காமிரா வினாடிக்கு 24 படம் எடுக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அந்த வாயு 40 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில் அது 1 மில்லிமீட்டர் நகர்கிறது. ஆகவே அதன் உருவம் கலையாமல் படத்தில் விழவேண்டுமானால், அதன்மேல் படும் வெளிச்சம் அதனினும் மிகக் குறுகிய காலமே நிற்கவேண்டும். அதன் நடத்தை ஆதியோடந்தமாகத் தெரியவேண்டுமானால், வினாடிக்கு லட்சக்கணக்கான படங்கள் வேண்டும். குறுகிய வெளிச்சம், நெருங்கிய படங்கள் ஆகிய இவ்விரண்டு தேவைகளே இத்துறையின் சரித்திரம் முழுவதையும் நடத்தி வந்திருக்கின்றன.

பியூமே நகரத்துப் படம்

அச்சரித்திரத்தின் தொடக்கத்தில் ஒரு யுத்தமும் ஒரு குற்றச்சாட்டும் நிற்கின்றன. 1870-71-இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போரில், பிரெஞ்சுத் துப்பாக்கி ரவைகள் உண்டாக்கிய காயங்கள் பள்ளம்போல் விரிந்து பயங்கரமாயிருந்தன. வெடிக்கும் ரவைகளைச் சிப்பாய்கள்மேல் பிரயோகிப்பதில்லையென்று 1868-இல் பீட்டர்ஸ்பர்க் நகரில் வல்லரசுகள் கூடிப் பிரகடனம் செய்திருந்தன. அதைப் பிரெஞ்சுக்காரர் மீறிவிட்டனர் என்ற சந்தேகம் எழுந்தது. பெல்ஜிய அறிஞராகிய மெல்ஸென்ஸ் வேறொரு காரணம் சொன்னார். வேகமான ரவை தனக்கு முன்னால் நெருக்கிக்கொண்டு போகும் காற்றே அக்காயத்தை உண்டாக்குகிறது என்பது அவர் கொள்கை. 1881-இல் பாரிஸில் அவர் பேச்சைக் கேட்டிருந்தவர்களில் ஒருவர் எர்ன்ஸ்ட் மாக் என்ற பௌதிக சாஸ்திரி. நெருக்கப்பட்ட காற்று இருக்கிறதா, இல்லையா என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட அதைப் பார்த்துவிடுவதே மேல் என்று அவர் கருதினார்.

பார்ப்பதற்கு வழி ஏற்கெனவே இருந்தது. கோடைக்காலத்தில் தார் ரோட்டின்மேல் காற்று நெளிவதை நேயர்கள் கண்டிருப்பார்கள். சூடான காற்றின் அடர்த்தி குறைவாகையால், அதனூடே வரும் ஒளி சற்று வளைந்து வருகிறது; அந்த வளைவே நெளிவாகத் தோன்றுகிறது. ஜெர்மனியில் அகஸ்ட் டோப்லர் என்பவர் 1864-இல் இந்த வளைவையே கருவியாக்கினார். விளக்கின் ஒளியைக் குவித்து, குவியும் புள்ளியில் ஒரு கத்தி விளிம்பை வைத்தார். நேரே வரும் ஒளியில் ஒரு பகுதியை அவ்விளிம்பு மறைக்கும். அடர்த்தி வேறுபட்ட காற்றினூடே வந்து வளைந்த ஒளியோ விளிம்பைத் தப்பும், அல்லது அதில் முட்டி மறையும். அதனால் கண்ணுக்குப் புலப்படாத காற்று கறுப்பும் வெளுப்புமாகத் திரையில் எழுதப்பட்டுவிடும். இதற்கு ஷ்லீரன் முறை என்று பெயர். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இம்முறை ஓய்வு பெறவில்லை.

பிராக் நகரில் மாக் ஒரு கைத்துப்பாக்கியைக்கொண்டு இம்முறையில் படமெடுத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அலையே இல்லையென்று அவர் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. ரவையின் வேகத்தைக் கணக்கிட்டு, அது ஒலிக்குக் குறைந்திருப்பதைக் கண்டார். பின்னர் 1886-இல், அக்காலத்தில் ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யத்தைச் சேர்ந்ததாயும் இப்பொழுது குரோஷியாவில் ரியேக்கா என்ற பெயருடனும் விளங்கும் பியூமே துறைமுகத்துக் கடற்படைக் கலாசாலையில் ஆசிரியராயிருந்த பீட்டர் ஸால்ஹர் என்பவர், மாக்கின் வேண்டுகோளின்படி ஒலியினும் வேகமான ரவைகளைச் சுட்டுப் படமெடுத்தார். பாய்ந்து செல்லும் ரவையே மின்சாரச் சுற்றைப் பூர்த்தி செய்து, தன்னைக் காட்டும் தீப்பொறியைத் தானே கொளுத்திக்கொள்ளும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். படம் மிகச் சிறியது. ஆயினும் ரவையின் முன்னே வில்போல் வளைந்த அலையும், பின்னே சுழலும் காற்றும் அதில் தெளிவாகத் தெரிந்தன. 1887-இல் அது பிரசுரமாயிற்று. ஒலியின் வேகத்துக்கும் பொருளின் வேகத்துக்கும் உள்ள விகிதத்தை மாக் எண் என்று சொல்லும் வழக்கத்தை 1929-இல் ஸ்விஸ் அறிஞர் ஆக்கரெட் தொடங்கிவைத்தார்.

இவ்வழக்கிலிருந்து நாம் அறியவேண்டியது யாது? இரண்டு தேசங்கள் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்த விஷயத்தில், மூன்றாவது இடத்தில், ஒரு கலாசாலை ஆசிரியர் கண்ணாடிகளையும் தீப்பொறியையும் வைத்துக்கொண்டு உண்மையைத் தேடினார். வெடிமருந்து அடங்காத சாதாரண ரவையும் வேகம் மிகுந்தால் காற்றை அலையாக்கும் என்பது அதனால் பிரத்தியட்சமாயிற்று.

காணாமற் சென்றதன் விலை

கண்ணை மூடிக்கொண்டு சென்றால் என்ன ஆகும் என்பதற்கு வேறோர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் எக்ஸ்-15 என்ற ராக்கெட் விமானம் 1967 அக்டோபர் 3-இல் ஒலியைப்போல் 6.7 மடங்கு வேகத்தில் பறந்தது. ஓட்டியவர் பீட் நைட். அவ்விமானத்தின் அடிப்புறத்துச் சிறகில் எரியாத மாதிரி யந்திரம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். வேகம் ஏறியதும், அம்மாதிரியிலிருந்து கிளம்பிய அதிர்ச்சி அலைகள் அதைத் தாங்கிய கம்பத்தின்மேல் போய் விழுந்தன. அலையும் அலையும் கூடிய இடத்தில் எதிர்பார்த்ததற்கு மேல் சூடு பெருகி, உலோகம் உருகி ஓட்டை விழுந்தது. மாதிரி யந்திரம் பிய்ந்து விழுந்தது. நைட் பத்திரமாக இறங்கினார். ஆனால் அந்த விமானம் மறுபடி பறக்கவேயில்லை.

அடுத்த வருஷமே, 1968-இல், ஸ்வீடன் தேசத்து விமான ஆராய்ச்சி நிலையத்தில் பாரி எட்னி என்பவர் அதிர்ச்சி அலைகள் ஒன்றோடொன்று மோதும் வகைகளை ஷ்லீரன் படங்களாலும் வெப்ப அளவுகளாலும் ஆராய்ந்து ஆறாகப் பிரித்து வெளியிட்டார். அவற்றில் ஒரு வகையில், ஒடுங்கிய வாயுத்தாரை ஒன்று ஊசிபோல் ஒரே இடத்தைத் தாக்கிச் சுடுகிறது என்பது தெரியவந்தது. அதுமுதல் எந்தத் தேசத்தில் அதிவேக விமானம் அமைப்பவரும் அவ்வாறு வகைகளை வாய்ப்பாடம்போல் அறிந்தே தொழிலில் இறங்குகிறார்கள். முதலில் வானத்தில் நெருப்பாகத் தெரிந்தது, பிறகு ஆராய்ச்சிசாலையில் படமாகத் தெரிந்தது. இவ்வரிசையை மாற்றி, படத்தை முந்தவைப்பதற்காகவே இக்கருவிகள் வேண்டும் என்கிறோம்.

லேஸர் வந்த பிறகு

1960-இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் முதல் லேஸர் ஒளியை உண்டாக்கினார். தீப்பொறி செய்துவந்த வேலையை லேஸர் பன்மடங்கு செம்மையாகச் செய்தது. ஒரு வினாடியை நூறு கோடிக் கூறாக்கினால், அவற்றில் பத்துக் கூறு அளவே நிற்கும் ஒளித்துடிப்பை அது தரும். நாம் முன்பு சொன்ன வாயு அந்நேரத்தில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் நகர முடியும். அதாவது நின்றதற்கே சமானம். மேலும் லேஸர் ஒளியைக் காகிதம்போல் மெல்லிய தகடாக விரித்து வாயுவின் நடுவே செலுத்தலாம். ஷ்லீரன் படத்தில் முன்னும் பின்னுமுள்ள காற்றெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கலங்கித் தோன்றும். ஒளித்தகடோ பழத்தை அறுத்துப் பார்ப்பதுபோல் நமக்கு வேண்டிய ஒரு வெட்டை மட்டும் காட்டும்.

வேகத்தை அளப்பது எப்படி? ஆற்றில் மிதக்கும் சருகைப் பார்த்து நீரின் ஓட்டத்தை அறிகிறோம். அதுபோலவே வாயுவில் மிக நுண்ணிய துகள்களைத் தூவி, லேஸர் தகட்டினால் இரண்டு தடவை அடுத்தடுத்து ஒளிபாய்ச்சி, இரண்டு படங்களையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு துகள் கூட்டமும் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடுகிறார்கள். இம்முறையில் ஒரு குறை உண்டு. பாரம் ஏற்றிய வண்டி திடீரென்று நிற்க முடியாததுபோல், அதிர்ச்சி அலையில் வாயு சட்டென்று வேகம் குறையும்போது துகள்கள் உடனே குறைவதில்லை. அப்போது சாட்சி பொய் சொல்கிறது. “கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்று நம்மவர்கள் சொன்னது இங்கும் பொருந்தும்.

ஆகவே துகளை விட்டுவிட்டு, வாயுவையே பேசவைக்கும் வழிகளைத் தேடினார்கள். 2011-இல் பிரின்ஸ்டன் ஸர்வகலாசாலையில் ரிச்சர்ட் மைல்ஸ் குழுவினர் ஒரு வழியை வெளியிட்டனர். மிகமிகக் குறுகிய லேஸர் துடிப்பு ஒன்று காற்றிலுள்ள நைட்ரஜன் மூலக்கூறுகளைப் பிளக்கிறது. பிளந்த அணுக்கள் மீண்டும் சேரும்போது ஒளிவிடுகின்றன. காற்றின் மேலேயே ஒரு வெளிச்சக் கோடு கிழித்ததுபோல் ஆகிறது. சில கணங்களில் அக்கோடு எவ்வளவு வளைந்து நகர்ந்தது என்று காமிரா பார்த்துக்கொள்கிறது. தூசியும் வேண்டாம், சாயமும் வேண்டாம். காற்றே தன் வேகத்தைச் சொல்லிவிடுகிறது.

சூட்டையும் வாயுவின் சேர்க்கையையும் அளக்கும் வழிகளில் ஒன்று நம்மவர் பெயரைத் தாங்கியது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஸர் சி. வி. ராமனும், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனும் 1928-இல் கல்கத்தாவில் எளிய கருவிகளைக்கொண்டு, ஒளி மூலக்கூறில் பட்டுச் சிதறும்போது அதன் நிறம் சிறிது மாறுவதைக் கண்டனர். எந்த மூலக்கூறு, எவ்வளவு சூடு என்பது அந்நிற மாற்றத்தில் அடங்கியிருக்கிறது. ஆனால் வாயுவில் இச்சிதறல் மிக மிக மங்கல். லேஸர் வந்த பிறகே எரியும் வாயுவில் அதைக்கொண்டு சூட்டை அளப்பது கைகூடிற்று. ராக்கெட் ஜ்வாலைக்குள் உஷ்ணமானியை நுழைத்தால் உஷ்ணமானியும் எரியும், ஓட்டமும் கெடும். ஒளியோ உள்ளே சென்று எதையும் தொடாமல் திரும்பி வருகிறது. ராமனுடைய பெயரை உலகமெங்கும் ஆராய்ச்சிசாலைகளில் தினந்தோறும் சொல்கிறார்கள். அந்தப் பெருமையில் திளைக்கும் நாம் ஒன்றை மறக்கலாகாது. தத்துவத்தைக் கண்டவர் நம்மவர். அதைக் கருவியாக்கியவர்கள் பெரும்பாலும் பிறர்.

வெள்ளம்போன்ற ஒளி, களஞ்சியம்போன்ற காமிரா

இனி நெருங்கிய படங்களின் விஷயம். சாதாரணத் துடிப்பு லேஸர்களில் பல வினாடிக்குப் பத்துத் தடவை மின்னும். அதிர்ச்சி அலைச் சுரங்கம் என்ற சோதனைக் குழாயிலோ அதிவேகக் காற்று நீடிப்பதே ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது சில பங்குகள்தான். அதற்குள் ஒரு துடிப்பு விழுந்தால் அதுவே பாக்கியம். ஓயாமல் லட்சம் தடவை மின்னச் செய்வோமென்றால் லேஸரே சூட்டில் கெட்டுவிடும். இதற்கு 1990-களில் அமெரிக்காவில் கண்ட உபாயம் நமது ஏரிப் பாசனத்தை ஒத்தது. தண்ணீரைத் தேக்கிவைத்து மதகைத் திறப்பதுபோல், சக்தியைச் சேர்த்துவைத்து, ஆயிரத்தில் சில பங்கு வினாடி மட்டும் துடிப்புகளை வெள்ளமாகப் பாயவிட்டு, பிறகு லேஸருக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். இவ்விதம் வினாடிக்குப் பத்து லட்சம் துடிப்பு என்ற வேகத்தையும் எட்டியிருக்கிறார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்குள் ஆயிரம் துடிப்பு. ஆயிரம் துடிப்புக்கு ஆயிரம் படம்.

அவ்வேகத்தில் படத்தை வாங்கிக்கொள்ளும் காமிரா வேண்டுமே! காமிராவின் சில்லில் விழுந்த படத்தை வெளியே எடுத்துச் செல்லுவதற்குள் அடுத்த படம் வந்து நிற்கும். ஜப்பானில் டக்கெஹாரு எத்தோ என்ற பேராசிரியரும் அவர் தோழர்களும் இதற்குப் பரிகாரம் கண்டனர். விளைந்த நெல்லை உடனே ஊருக்குக் கொண்டுபோகாமல் வயலோரத்திலேயே சேர் கட்டி வைப்பதுபோல், படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அருகிலேயே நினைவுக் களஞ்சியம் ஒன்றை அமைத்தார்கள். வினாடிக்குப் பத்து லட்சம் படம் என்ற வேகத்தில் தொடர்ந்து சுமார் நூறு படங்களை இவ்வாறு பிடித்தார்கள். நூறு படம் என்றால் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அதிவேக விமானத்தின் தோலையொட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலம் குழம்பத் தொடங்குவதற்கு முன் வினாடிக்குப் பல லட்சம் தடவை துடிக்கிறது. அப்படலம் குழம்பினால் தோலின்மேல் ஏறும் சூடு பல மடங்காகிவிடும். அது எங்கே, எப்போது குழம்புகிறது என்பதைக் காட்டுவதற்கு அந்த நூறு படங்கள் போதும்.

ஆராய்ச்சிசாலைக்கு வெளியேயும் இக்கண் செல்கிறது. 2019 மார்ச்சில் அமெரிக்க விண்வெளி ஸ்தாபனமாகிய நாஸா ஒரு படத்தை வெளியிட்டது. ஒலியை மிஞ்சிய வேகத்தில் அருகருகே பறந்த இரண்டு டி-38 விமானங்களை, மேலே பறந்த மற்றொரு விமானத்திலிருந்து வினாடிக்கு 1,400 படம் வீதம் எடுத்திருந்தார்கள். ஒரு விமானத்தின் அலை மற்றொன்றின் அலையோடு கலந்து வளைவது அதில் தெரிந்தது. பியூமேயில் மிகச் சிறு படத்தில் ரவைக்குச் செய்ததை, பாலைவனத்தைத் திரையாக்கி வானத்தில் விமானத்துக்குச் செய்தார்கள்.

நமது தேசத்தில்

இத்துறையில் நமது தேசம் வெறுங்கையுடன் நிற்கவில்லை. 1951-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்த ஸதீஷ் தவன், அங்கே ஒலிமிஞ்சிய வேகத்தில் காற்று ஓடும் சுரங்கத்தை நாட்டிலேயே முதன்முதலாக அமைத்தார். 2020 செப்டம்பர் 7-இல் ராணுவ ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் ஸ்க்ராம்ஜெட் என்ற யந்திரத்தைக்கொண்ட கலத்தைப் பறக்கவிட்டனர். ஒலியைப்போல் ஆறு மடங்கு வேகத்தில், 20 வினாடிகளுக்கு மேல் அது எரிந்தது. அவ்யந்திரத்தின் எரியறையில் வாயு தங்குவது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி. அதற்குள் எரிபொருள் காற்றோடு கலந்து, தீப்பற்றி, எரிந்து முடியவேண்டும். 2025 ஏப்ரலில் ஹைதராபாதில் நடந்த தரைச் சோதனையில் அத்தகைய எரியறையை 1,000 வினாடிகளுக்கு மேல் எரியவிட்டுக் காட்டினார்கள்.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் 24 மீட்டர் நீளமுள்ள சோதனைக் குழாய் ஒன்றை நம்மவர்களே அமைத்து 2024-இல் வெளியுலகுக்கு அறிவித்தார்கள். வினாடிக்கு 3 முதல் 10 கிலோமீட்டர் வரை பறக்கும் வேகத்தை அது உண்டாக்குகிறது. அதற்கு அவர்கள் இட்ட செல்லப் பெயர் ஜிகர்தண்டா! விண்வெளியிலிருந்து விழும் கலம் படும் வெப்பத்தை உண்டாக்கும் யந்திரத்துக்கு, வெயிலுக்கு இதமாக மதுரையில் விற்கும் பானத்தின் பெயரை வைத்தவர்களின் நகைச்சுவையை மெச்சுகிறோம்.

இவ்வளவும் உண்மை. ஆயினும் காற்றை ஓட்டும் குழாயை நாம் செய்கிறோம். காற்றைப் பார்க்கும் கண்ணை இன்னும் பெரும்பாலும் விலைக்கு வாங்குகிறோம். அதிவேகக் காமிராக்களைச் செய்து விற்கும் முதன்மையான கம்பெனிகள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன. இதிலென்ன தவறு, காசு கொடுத்தால் கிடைக்கிறதே என்று சிலர் கேட்கலாம். எப்போதும் கிடைக்கும் என்பதற்கு என்ன உறுதி? 1974-இல் பொக்ரானில் இந்தியா அணுச் சோதனை நடத்தியதன் விளைவாக, அணு சம்பந்தமான பொருள்களை விற்கும் தேசங்கள் ஒரு கூட்டம் சேர்ந்தன. வேறு காரியங்களுக்கும் பயன்படக்கூடிய பொருள்களுக்கென்று அக்கூட்டத்தார் 1992-இல் ஒரு கட்டுப்பாட்டு ஜாபிதா தயாரித்தனர். வினாடிக்கு 2,25,000 படத்துக்கு மேல் எடுக்கும் காமிராக்களுக்கும் அந்த ஜாபிதாவில் இடம் உண்டு. வெடிகுண்டுச் சோதனைக்கு உதவும் என்பதே காரணம். காமிராவுக்கு வெடிகுண்டும் தெரியாது, காற்றுச் சுரங்கமும் தெரியாது. ஆகையால் ஆராய்ச்சிக்குக் கேட்பவனும் லைஸென்ஸுக்குக் காத்திருக்கவேண்டும்.

இதற்காக நாம் பிறர்மேல் கோபிக்கவில்லை. தன் கையிலுள்ள கூர்மையான கருவியை யாருக்குக் கொடுப்பது என்று ஆலோசிக்க ஒவ்வொரு தேசத்துக்கும் உரிமையுண்டு. நமது அரசாங்கமும் அத்தகைய ஜாபிதா வைத்திருக்கிறது. 2008 செப்டம்பரில் அக்கூட்டத்தார் இந்தியாவுக்கு விசேஷ விலக்கு அளித்ததையும் நாம் மறைக்கவில்லை. விலக்கு என்பது பிறர் அளிப்பது. திறமை என்பது நாமே பெறுவது. 1993-இல் ருஷியாவிலிருந்து வரவிருந்த குளிர்நிலை ராக்கெட் யந்திரத்தின் செய்முறை, அமெரிக்காவின் நெருக்கத்தால் வராமற்போயிற்று. 2014 ஜனவரி 5-இல் நாமே செய்த குளிர்நிலை யந்திரத்துடன் நமது ராக்கெட் வெற்றியுடன் கிளம்பிற்று. இடையில் கழிந்தவை இருபது வருஷங்கள். கண்ணின் விஷயத்திலும் அவ்வாறு காலம் கழிய வேண்டுமா?

ஆக்ஷேபங்களுக்கு விடை

மூன்று ஆக்ஷேபங்கள் உண்டு. “கணிப்பொறி எல்லாவற்றையும் கணக்கிட்டுச் சொல்லிவிடுமே, பார்ப்பது எதற்கு?” என்பது முதலாவது. கணிப்பொறியின் மதிப்பை நாம் குறைக்கவில்லை. ஆனால் குழம்பி ஓடும் வாயுவையும் எரியும் வாயுவையும் பற்றிய கணக்குகளில் அனுமானங்கள் பல கலந்திருக்கின்றன. கணக்கு என்பது வக்கீலின் வாதம். அது சரியா என்று சொல்லும் சாட்சி இல்லாமல் தீர்ப்பளிக்கக் கூடாது. நல்ல வக்கீல் சாட்சியை வெறுப்பதில்லை.

“இவையெல்லாம் யுத்தக் கருவிகள், சாந்தியை விரும்பும் தேசத்துக்கு ஆகா” என்பது இரண்டாவது. அதிவேக வாயுவின் அறிவு ஏவுகணைக்குப் பயன்படுகிறது என்பதை மறைப்பதில் பிரயோஜனமில்லை. ஆனால் விண்வெளிக்குச் சென்ற மனிதரை உயிரோடு பூமியில் இறக்குவதற்கும் அதே அறிவுதான் வேண்டும். மின்சாரம் உற்பத்தி செய்யும் வாயுச் சுழலிகளில் புகையையும் நஞ்சையும் குறைப்பதற்கு, எரியும் வாயுவை லேஸரால் பார்க்கும் இதே முறைகளைத்தான் கையாளுகிறார்கள். கத்தியைச் செய்யத் தெரியாதவனுக்கு ரண வைத்தியமும் தெரியாது. அதை எதற்கு உபயோகிப்பது என்பதை ஜனங்களும் சட்டசபைகளும் விழிப்பாயிருந்து தீர்மானிக்கவேண்டும். அறியாமை ஒருபோதும் அஹிம்சையாகாது.

“ஏழைத் தேசத்துக்கு இது தாங்குமா?” என்பது மூன்றாவது. இது நியாயமான கேள்வி. 2021 டிசம்பரில் மத்திய அரசாங்கம் மின்னணுச் சில்லுத் தொழிலுக்கு 76,000 கோடி ரூபாய்த் திட்டத்தை ஒப்புக்கொண்டது. அதிவேகக் காமிராவின் உயிர்நிலை ஒரு சில்லுதான். ஒரு விசேஷச் சில்லை அமைக்கும் முயற்சிக்கு அப்பெருந்தொகையில் ஒரு துளி ஒதுக்கினால் போதும். லேஸர் செய்யும் வித்தையும் நமக்குப் புதிதன்று. இந்தோரில் 1984-இல் அடிக்கல் நாட்டிய மத்திய ஆராய்ச்சி நிலையம் அதற்காகவே இருக்கிறது. சில்லு ஓரிடத்திலும், லேஸர் வேறோரிடத்திலும், காற்றுச் சுரங்கம் மற்றோரிடத்திலுமாகப் பிரிந்து கிடப்பவற்றை ஒரே காரியத்தில் கூட்டுவதற்கு ஆளும் உறுதியும் வேண்டும். புதிய காற்றுச் சுரங்கத்துக்குப் பணம் ஒதுக்கும்போதெல்லாம், அதற்குரிய கண்ணை உள்நாட்டிலேயே செய்வதற்கும் ஒரு பங்கு ஒதுக்கவேண்டும் என்று பார்லிமெண்டு அங்கத்தினர்கள் வற்புறுத்த வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

அரசாங்கம் செய்யவேண்டியது இது. ஜனங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. டோப்லரின் முறைக்கு ஒரு நல்ல குழியாடி, ஒரு சிறு விளக்கு, ஒரு சவரத் தகடு, ஒரு காமிரா ஆகியவை போதும். கைப்பேசியிலுள்ள காமிராவே இதற்கு உதவும். மெழுகுவர்த்தியின் மேல் எழும் சூடான காற்றையும், கையிலிருந்து கிளம்பும் வெப்பத்தையும் மாணவர்கள் கண்ணாரக் காணலாம். நமது ஜில்லாக்களிலுள்ள ஒவ்வொரு கலாசாலையிலும், கூடுமானால் ஒவ்வோர் உயர்தரப் பள்ளிக்கூடத்திலும், இதை அமைப்பதற்குப் பெரும் செலவில்லை. பள்ளிக்கூட நிர்வாகத்தில் கலந்துகொண்டுள்ள நமது தொண்டர்கள் இவ்வருஷமே இதை ஏற்றுக்கொண்டு நடத்துவார்களாக. காற்றைக் கண்ணால் ஒரு தடவை கண்ட சிறுவன், அதைப் பார்க்கும் கருவியைத் தானே செய்துபார்க்கவேண்டும் என்று ஆசைப்படுவான். பியூமேயில் படமெடுத்தவரும் ஒரு பள்ளி ஆசிரியரே. பிறர் பார்த்துச் சொன்னதை ஒப்பிக்கும் தேசமாக நாம் இருக்கப்போகிறோமா, நாமே பார்த்துச் சொல்லும் தேசமாக ஆகப்போகிறோமா என்பதை அத்தகைய பள்ளிக்கூட அறைகளே தீர்மானிக்கும்.